மூன்றாம் நாள் மொழிபெயர்ப்பு

மனசைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு கேளுங்கள் கண்ணுகளா.

லண்டனிலிருந்து வேதியியல் பேராசிரியர் சிவகணேசன் வந்து, குளுவாங் ஊர் மண்டபத்தில் மூன்று நாள் பேசினார். கரிம மூலக்கூறுகளைக் கோத்துக் கோத்து, பாய்போலச் சுருட்டி வைக்கிற திரையையும், விளக்காக எரிகிற மெல்லிய தாளையும் ஆய்வுக்கூடத்தில் எப்படி உண்டாக்குவது என்பதுதான் பேச்சு. ஆள் இதே ஜொகூரில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனால் தமிழ் மறந்துபோச்சு என்று சொல்லிவிட்டார். முன்வரிசை டாக்டர், வக்கீல்களுக்கு ஆங்கிலம் போதும். பஸ் பிடித்து வந்த பின்வரிசைக்கு, பக்கத்தில் நின்று ஷாமளா தமிழில் சொன்னாள்.

ஷாமளா வேதியியல் படித்துவிட்டு பக்கத்து ஊரான லாயாங் லாயாங்கில் டியூஷன் எடுக்கிறவள். முதல் நாள் பேச்சு முடிந்ததும் பேராசிரியர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, தன் ஆய்வுக்கூடத்தில் ஓர் இடம் இருக்கிறது, கடைசி நாள் சொல்கிறேன் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் ஓடி ஓடி உழைத்தாள்.

இரண்டாம் நாள், கண்ணாடிக் குவளையில் இரண்டு திரவங்கள் சந்திக்கிற இடத்திலிருந்து இடுக்கியால் நைலான் நூலை இழுத்துக் காட்டினாள். அறாமல் நீண்டுகொண்டே வந்தது.

"எம் மவ லா அது!" என்று பின்வரிசையில் எழுந்து கத்தினார் அப்பா சின்னத்தம்பி. செம்பனை ஆலையில் ஜாகா, காவல் வேலை பார்ப்பவர்.

மூன்றாம் நாள் கேள்வி நேரத்தில் மனுசனுக்குப் பொறுக்கவில்லை. மைக்கை வாங்கிவிட்டார்.

"ஐயா, எம் மவளுக்கு எடம் இருக்குன்னீங்களாம். எப்போ அனுப்பலாம்? மொளகாத்தூள்லாம் அரைச்சுக் கட்டிக் குடுக்கணுமில்ல?"

பின்வரிசை அன்பாகச் சிரித்தது. ஷாமளா தலை குனிந்தபடி அதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

பேராசிரியர் முன்வரிசையைப் பார்த்து ஆங்கிலத்தில் பதில் சொன்னார். போகிற ஊரிலெல்லாம் மொழிபெயர்க்க வருகிற பிள்ளைகளிடம் இடம் இருக்கிறது என்று இப்படித்தான் சொல்லிவைப்பாராம். மூன்று நாளும் சுறுசுறுப்பாக வேலை செய்வார்களாம், கூலியும் கேட்க மாட்டார்களாம்.

முன்வரிசை குலுங்கியது. பேச்சை ஏற்பாடு செய்த சங்கத்தின் தலைவர் சரவணமுத்து சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் சிரிக்கிறார்களே என்று சின்னத்தம்பியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மகள் முகத்தைப் பார்த்தார்.

ஷாமளா மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"எடம் இருக்காம்ப்பா. கூப்பிடுறேன்னு சொல்றாரு."

பின்வரிசை கைதட்டியது. சின்னத்தம்பி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினார்.

பேராசிரியர் அவள் கையிலிருந்த மைக்கை மெல்ல வாங்கினார்.

"ஐயா," என்றார், பிசிறில்லாத யாழ்ப்பாணத் தமிழில். "நான் அப்பிடிச் சொல்லேல்லை. இடம் ஒண்டும் இல்லை, சும்மா பகிடிக்குச் சொன்னனான். பிள்ளைதான் உங்களுக்குப் பொய் சொல்லுது. மொழிபெயர்க்கிறவை உள்ளதை உள்ளபடி சொல்லவேணும்."

கூப்பிய கைகளை எப்படி இறக்குவது என்று சின்னத்தம்பிக்குத் தெரியவில்லை. பக்கத்து நாற்காலி ராஜம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்கண்ணே... எல்லாரும் பாக்குறாங்க."

பேராசிரியர் மைக்கை ஷாமளாவிடமே திருப்பிக் கொடுத்து, ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"அடுத்த கேள்வி கேக்கலாம்."