நான்காமவருக்குச் சோதனை இல்லை

ஒட்டுண்ணிகளைப் பற்றிய அந்த ஆய்விதழில் பதினொரு வருடமாக மெய்ப்புப் பார்ப்பவளுக்கு அலுவலகம் வைத்த பெயர் கத்தரி. எவ்வளவு பெரிய பேராசிரியராக இருந்தாலும் சரி, கட்டுரையில் ஓட்டை இருந்தால் ஓரத்தில் கேள்வி எழுதிப் பிடிபிடியென்று பிடித்துவிடுவாள்.

அன்றைக்கு மாட்டியது ஒரு நோயாளியைப் பற்றிய கட்டுரை. முப்பதுகளில் இருக்கும் ஆண், வேலையிடத்தில் திடீர் வலிப்பு, மூளையில் நாடாப்புழுக் கட்டிகள். புழு குடியிருப்பது ஒருவர் குடலில். அவர் சரியாகக் கழுவாத கையால் சமைத்தால், முட்டைகள் சாப்பாட்டோடு போய் அடுத்தவர் மூளையில் கட்டியாகும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வாள்.

"வீட்டில் நால்வர். மனைவிக்கும் மகளுக்கும் சோதனை செய்து புழு இல்லை என்கிறீர்கள். சமைக்கும் நான்காமவரை விட்டது ஏன்? படமும் மங்கல், தெளிவாக அனுப்பவும்" என்று சிவப்பில் எழுதி அனுப்பினாள்.

"திருடன விட்டுட்டு வீடு பூரா தேடியிருக்காங்க இந்த டாக்டருங்க," என்று பக்கத்து மேசைக்காரியிடம் சொல்லிச் சிரித்தாள்.

இரண்டு நாள் கழித்து, மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் பதில் வந்தது. முதலில் படத்தைப் பார்த்தாள். மண்டையின் எக்ஸ்ரே. கீழ்த்தாடையில் சின்னத் தகடு, நான்கு திருகுகள், கடைசித் திருகு கோணல். அந்தத் தாடை அவளுக்குத் தெரியும். அப்போது பதினாறு வயதான தம்பியை ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்க் கீழே தள்ளித் தாடையை உடைத்ததே அவள்தான். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கி அந்தக் கோணல் திருகைப் பார்த்து ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதவளும் அவள்தான்.

கீழே அவள் கேள்விக்குப் பதில் இருந்தது: "சமைப்பவர் நோயாளியின் அக்கா. விஷயம் தெரிந்தால் இனி அடுப்புப் பக்கமே போகமாட்டார் என்று, அவரிடம் சொல்லவோ சோதிக்கவோ நோயாளி சம்மதிக்கவில்லை. வீட்டில் அனைவருக்கும் புழு நீக்கும் மாத்திரை மட்டும் கொடுத்தனுப்பினோம்."

மாத்திரை! போன மாதம், "பாப்பா ஸ்கூல்ல குடுத்தாங்க, வீட்ல எல்லாரும் போடணுமாம்" என்று டம்ளரும் கையுமாக நின்றானே பாவி. அவள் விழுங்கும்வரை நகரவில்லையே. அன்றைக்கு அவள் கிண்டல்கூடச் செய்தாள்.

டப்பாவை மூடினாள். இதே கையால்தான் காலையில் இரண்டு டப்பா கட்டினாள், ஒன்று அவனுக்கு. போனை எடுத்தாள்.

"டேய், சாப்பிட்டியா?"

"இப்பதான்க்கா. டப்பா காலி."

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.

"அக்கா, அந்த டாக்டர் எழுதினது உங்க புக்லயா வருது?"

"ஆமாண்டா."

"நாளைக்கும் ரெண்டு டப்பா கட்டிடு," என்றான் தம்பி. "மறந்துடாத."