எட்டு நாள் சட்டை

ஐந்தாம் நாள் காலை, திருமூர்த்திமலை அடிவாரத்துச் சத்திரத்தில் எழுந்து உட்கார்ந்ததும், தேவிப்பிரியா உள்ளங்காலில் பொங்கியிருந்த கொப்புளத்துக்குள் நூல் கோத்த ஊசியை விட்டு மறுபக்கம் இழுத்தாள். நூலை உள்ளேயே விட்டு இரண்டு நுனியையும் கத்தரித்தாள். நடக்க நடக்க நீர் நூல் வழியாக வடிந்துவிடும். இரண்டாம் நாள் ராபின் அண்ணன்தான் இதைச் சொல்லிக்கொடுத்தார். இப்போது அவர் வாசற்படியில் உட்கார்ந்து, வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையாலேயே பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

இருவரும் திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனி. இவள் தைத்த துணியில் பிழை பார்க்கிற செக்கிங், அவர் அயர்னிங். முதுகில் பையைச் சுமந்து வாரக்கணக்கில் மலைகளில் நடக்கிற வெளிநாட்டுக்காரர்களுக்காகக் கம்பெனி ஒரு சட்டை தைத்திருந்தது. ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால், பன்னிரண்டு கிலோ பையோடு அதை எட்டு நாள் யாராவது போட்டு நடந்து காட்ட வேண்டும் என்று சட்டையை வாங்கப்போகிற பையர் கேட்டிருந்தார். தோள்பட்டைத் தையல் பையின் வாருக்குத் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டுமாம். பல்லடம், குடிமங்கலம், உடுமலை வழியாகத் திருமூர்த்திமலை வரை போய்த் திரும்பி வர வேண்டும். பைக்குள் சீல் வைத்த மணல் மூட்டை. ஆளுக்கு ஒரே சட்டை. சாயங்காலம் துவைத்துக் காயப்போட்டு, காலையில் அதையே போட வேண்டும். நடந்து முடிக்கிற இருவருக்கும் சூப்பர்வைசர் வேலை என்று முதலாளி மகுடேஸ்வரன் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

தேவிப்பிரியாவுக்கு அந்த வேலை வேண்டும். ஆறு மாதமாக அவளுக்குத் தையல் இரட்டை இரட்டையாகத் தெரிந்தது. பக்கத்து மேசைக்காரி பார்த்து முடித்த பீஸைக் கீழே வைக்கிற வேகத்தைக் கவனித்து, தானும் அதே வேகத்தில் வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தாள். இன்னும் எத்தனை நாள் என்று அவளுக்கே தெரியாது.

நடையின் நாட்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. விடிவதற்கு முன் கிளம்பி, வெயில் ஏறும்வரை நடந்து, தென்னந்தோப்பிலோ கோழிப்பண்ணைச் சுவர் நிழலிலோ படுத்து, வெயில் தாழ்ந்ததும் மறுபடி நடந்தார்கள். குவாலிட்டி மேனேஜர் அருள்செல்வன் காரில் முன்னால் போய்க் காத்திருப்பார். மத்தியானம் இருவரையும் நிற்கவைத்து, லென்ஸை எடுத்து, தோள் தையலை இழை இழையாகப் பார்த்துப் படம் பிடிப்பார். மூன்றாம் நாள் தையலுக்கு அடியில் தோல் உரிந்துவிட்டது. அவள் காட்டினாள். அவர் பரிவோடுதான் பார்த்தார். "சட்டைக்கும் தோலுக்கும் நடுவுல ஒண்ணும் வெக்கக் கூடாதுங்க. ரெண்டு நாள்ல காச்சுப் போயிருமுங்க" என்றார். மருந்து தடவவும் விடவில்லை. துணியில் எண்ணெய் ஏறிவிடும் என்றார்.

ராபினுக்குக் காய்ச்சுப்போகவில்லை. சீழ் வைத்தது. ஐந்தாம் நாள் வாய்க்கால் கரையில் பையை இறக்கியவர், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. "அம்மிணி, உன்ற துண்டுல பாதி கிழிச்சுக் குடு. இல்லாட்டி நான் ஊரு போய்ச் சேர மாட்டேன்" என்றார். அவள் கிழித்தாள். நாலாக மடித்து, அவர் சட்டைக் கழுத்து வழியாகக் கையை விட்டுப் புண்ணின் மேல் அவளே வைத்தாள். தனக்கும் வைத்துக்கொள்ளத் தோன்றியது. பயமாக இருந்ததால் வைக்கவில்லை.

ஆறாம் நாள் மத்தியானம், குடிமங்கலம் நால்ரோட்டுக்குச் சற்று முன்னால், அருள்செல்வனின் லென்ஸில் அது சிக்கியது. ராபினின் சட்டைக்கு உள்பக்கம் துண்டின் மஞ்சள் பஞ்சு ஒட்டியிருந்தது. அவர் ராபினிடம் ஒன்றும் கேட்கவில்லை. தேவிப்பிரியாவைக் காருக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போனார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

"ரெண்டு பேரும் துணி வெச்சிருந்தீங்கன்னா, நாளைக்கே முதல் நாள்ல இருந்து நடக்கோணுமுங்க. அவரு மட்டும்னா உங்க சட்டை செல்லுமுங்க. அதுவுமில்லாம சூப்பர்வைசர் எடம் இப்ப ஒண்ணுதான் இருக்குது."

"அவரு மட்டுந்தானுங்க."

"துண்டு யாருதுங்க?"

"தெரியலீங்க."

கார் கண்ணாடி இறக்கியிருந்தது. மறுபக்கம் நின்ற ராபினுக்குக் கேட்டிருக்கும். அருள்செல்வன் அவரிடம் போய் அதையே கேட்டபோது, "என்ற துண்டுதானுங்க" என்றார். இவள் பக்கம் திரும்பவே இல்லை.

சட்டை பையருடைய சாம்பிள், அங்கேயே கழற்றிக் கொடுக்க வேண்டும் என்றார் அருள்செல்வன். காலையில் துண்டு நழுவி, துணி புண்ணோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. ராபின் மெதுவாக இழுத்தார், வரவில்லை. தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். பஞ்சு போய்விடும், சாம்பிள் நனையக் கூடாதாம். தேவிப்பிரியாவை வந்து பிடிக்கச் சொன்னார் அருள்செல்வன். அவள் தையலின் ஓரத்தைப் பிடித்து, பீஸ் பிரிக்கிற பழக்கத்தில் ஒரே இழுப்பாக இழுத்தாள். அவர் தொண்டையிலிருந்து ஒரு சின்ன சத்தம் வந்தது. அதற்குள் சட்டை பிளாஸ்டிக் கவருக்குள் போயிருந்தது. ராபின் கார் டிக்கியிலிருந்து தன் சொந்தச் சட்டையை எடுத்து, ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தார். மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று அருள்செல்வன் பின்னாலிருந்து சொன்னதற்கு "சரீங்க" என்றார்.

மிச்சமிருந்த தூரத்தைத் தேவிப்பிரியா தனியாக நடந்தாள். அவருக்காக நின்று நின்று போக வேண்டியதில்லை என்பது முதல் மணி நேரத்தில் சுகமாகவே இருந்தது. காற்றாலைகள் பின்தங்கின. தோளிலிருந்து முழங்கை வரை மரத்துப்போனதும் அதையும் நல்லது என்றே எடுத்துக்கொண்டாள். எட்டாம் நாள் கம்பெனி கேட்டில் அவளுக்கு மாலை போட்டார்கள். மாலை தோளில் பட்டபோது கண்ணில் நீர் வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் சந்தோஷம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

பையரோடு வீடியோவில் பேச்சு நடந்தபோது அவளையும் உட்கார வைத்தார்கள். அவள் சட்டையை மேசைமேல் விரித்திருந்தார்கள். தையல் ஒரு இழைகூட விடவில்லை. தோளில் இருந்த பழுப்புக் கறையைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார்கள். ரத்தமா என்று பையர் தரப்பில் யாரோ கேட்டார்கள். ஆமாம் என்றார் மகுடேஸ்வரன். கொஞ்சம் கலந்து பேசிவிட்டு, கலரைக் கருநீலமாக மாற்றிவிடலாம் என்றார்கள். கருநீலத்தில் கறை தெரியாது. ஆர்டர் உறுதியானது.

அவளைச் சூப்பர்வைசராக்கி நாலாம் தையல் லைனைக் கொடுத்தார்கள். ராபினின் அயர்ன் மேசையில் ஒடிசாக்காரர் ஒருவர் நின்றார். ராபின் எங்கே போனார் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் யாரிடமும் கேட்கவில்லை. தோள் புண் ஆறி, மேலே பளபளவென்று புதுத்தோல் வந்தது.

ஒரு மாதம் கழித்து அருள்செல்வன் அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அதே பையர் அடுத்து பேன்ட் கேட்கிறார், பையின் இடுப்புப் பட்டைக்கு அடியில் தையல் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும், இந்தத் தடவை பன்னிரண்டு நாள் என்றார். "உங்க லைன்ல இருந்தே ரெண்டு பேரு பாருங்க. யாரு தாங்குவாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியுமுங்க."

அவர் போன பிறகு தேவிப்பிரியா எழுந்து மெஷின்களுக்குப் பின்னால் நடந்தாள். நாற்பது முதுகுகள் குனிந்து தைத்துக்கொண்டிருந்தன. இரண்டு மூன்று பேரைத் தாண்டி மருதாளின் பின்னால் நின்றாள். நல்ல அகலமான இடுப்பு. வேலை நேரத்தில் ஒருநாளும் கால் வலிக்கிறதென்று சொன்னதில்லை. தேவிப்பிரியா அவள் இடுப்பின் பக்கவாட்டில் எலும்பு இருக்கும் இடத்தில் இரண்டு விரல்களை வைத்து அழுத்திப் பார்த்தாள். மருதாள் மெஷினை நிறுத்திவிட்டு, "கூசுதுங்கக்கா" என்று சிரித்தபடி நெளிந்தாள்.