பதினோராம் தேதித் தாள்

1

இந்தக் கதை எனக்குச் சும்மா வந்தது. அதனால்தான் தொடக்கத்திலிருந்தே சந்தேகம். குடிநீர் நிலையத்தில் தண்ணீர் சோதிப்பவள், என் மனைவியின் தோழி, மத்தியானம் ஒரு நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"கதை எழுதுறவராச்சே அண்ணா, இதை எழுதுங்க. ஆனா நாளைக் காலையில நோட்டு திரும்ப வேணும். விசாரணைக்கு வர்றாங்க."

வலிய வந்து கதை கொடுத்தால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கும்.

2

முதல் தொடக்கம்: 'மழை கொட்டிய அந்த நாளில் ஆறு...' வேண்டாம். மழையில் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.

இரண்டாவது: அவள் தினமும் பிஸ்கட் அளவு வட்டத் தாள் ஒன்றில் கால்மணி நேரம் தண்ணீரை வடிப்பாள். தாள் வெளுப்பாக இருந்தால் தண்ணீர் சவ்வு வடிகட்டிகளுக்குப் போகலாம். பழுப்பேறினால் நிலையத்தை நிறுத்த வேண்டும், சவ்வுகள் சேற்றைத் தாங்காது. தாளைத் தேதி போட்டு நோட்டில் ஒட்டுவாள்.

(படிகாரம் கலந்து, அழுக்கைத் திரளவைத்து, மணலில் வடித்த பிறகுதான் தண்ணீர் சவ்வுக்குப் போகவேண்டும். அந்த வேலைக்குப் பொறுப்பு அவளுடைய மாமா, அதாவது அக்கா கணவர். கதைக்காக நான் சேர்த்த உறவு இல்லை இது, அவளே சொன்னது.)

3

பதினோராம் தேதி படிகாரப் பம்பு நின்றுபோனது. மாமா நிலையத்தை நிறுத்தவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் சவ்வுகள் எல்லாம் அடைத்துப் பாழ். நோட்டிலோ அன்றைய தாள் பளிச்சென்று வெள்ளை, கீழே அவள் கையெழுத்து. பொய்ச் சோதனை என்று நாளைக்கு அவள் வேலை போய்விடும்.

"மாமாதான் மாத்தி ஒட்டியிருக்காரு. நான் எடுத்த தாள் காப்பி நிறத்துல இருந்துச்சு, சத்தியமா."

"அப்ப ஏன் நிறுத்தச் சொல்லல?"

"சொன்னேனே! 'நீ கம்முனு இரு, ஊரு தண்ணியில்லாம தவிக்கும், பம்பு இப்ப ஓடிடும்'னாரு. அக்கா மூஞ்சிக்காக விட்டுட்டேன்."

அவளை நம்பினேன். (அந்த வரியை அடித்துவிடுகிறேன். பாதிதான் நம்பினேன்.)

4

அவள் போனதும் பதினோராம் தேதித் தாளைத் தடவிப் பார்த்தேன். மற்றத் தாள்களைவிடத் தடிப்பு. நகத்தால் கிளப்பினால் அடியில் இன்னொன்று, நல்ல பழுப்பு.

மாமா மாற்றியிருந்தால் பழுப்பைக் கிழித்து எறிந்திருப்பார். மறைக்கவும் வேண்டும், தொலையவும் கூடாது என்று நினைத்தவர் யார்? போன் செய்தேன்.

"அடியில ஒண்ணு இருக்கே?"

என்ன ஒண்ணு என்று அவள் கேட்கவில்லை.

"பிரிச்சிட்டீங்களா?" என்றாள். பெருமூச்சு கேட்டது. "நான் பிரிக்கலண்ணா. அக்கா கேட்டா நீங்க சொல்லணும், நான் பிரிக்கலன்னு."

அடிப்பாவி! வெள்ளையை நீயே ஒட்டிவிட்டு, கதை எழுதவா என்னிடம் கொடுத்தாய், பிரிக்கவா? கோபம் வந்தது. அதைவிட அதிகமாக அவள்மேல் பரிதாபம் வந்தது.

5

முதல் முடிவு: வெள்ளையை மறுபடி ஒட்டுகிறேன், அவள் வேலை போகிறது. இரண்டாவது: பழுப்பு மேலே இருக்கிறது, மாமா வேலை போகிறது, அக்கா வீட்டில் அவளுக்குக் கதவு சாத்தப்படுகிறது. மூன்றாவது முடிவில் இருவரும்... அப்படி ஒன்று இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

இரண்டு தாள்களும் மேசைமேல் கிடக்கின்றன. பசைக் குப்பியைத் திறந்துவைத்திருக்கிறேன். நீங்களே ஒட்டிவிடுங்கள். எதை மேலே வைத்தீர்கள் என்று மட்டும் என்னிடம் சொல்லவேண்டாம். அவள் காலையில் வந்து கேட்டால், நான் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.