இரண்டு வரிசைக்கு நடுவே ஓர் ஆணி

இந்த ஊரில் முகத்தைப் பார்த்தே தெருவைச் சொல்லிவிடுவார்கள். சப்பை மூக்கு, சுருட்டை முடி என்றால் துறைமுகத்தை ஒட்டிய தெருக்கள். அவர்கள் துறையாட்கள். கடலுக்கு முன்னாலேயே தாங்கள் இங்கே வந்துவிட்டதைப் போலப் பேசுவார்கள். நீள மூக்கு, கோரை முடி என்றால் உப்பளத்துப் பக்கம். அவர்கள் கப்பலாட்கள். அவர்களுடைய பாட்டன்மாரை உப்பு வாருவதற்காக யாரோ கப்பலில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். திருப்பி ஏற்றிக்கொள்ள யாரும் வரவில்லை. கடைசியாக வந்தவர்கள் மலையாட்கள். கேட்டில் காவல் நிற்பது, கழிவறை கழுவுவது, பிணம் தூக்குவது எல்லாம் அவர்கள். ஊரைப் பற்றிப் பேசும்போது மற்ற இரண்டு கூட்டமும் அவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை.

எனக்குச் சுருட்டை முடி, நீள மூக்கு. அம்மா துறையாள், அப்பா கப்பலாள். அப்பா செத்துப்போனார். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு நான் மீன் உறையவைக்கும் ஆலையில் சேர்ந்தேன். அங்கே என்னை ரெண்டுங்கெட்டான் என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பள நாளில்கூட அப்படித்தான். நானும் போய்க் கையை நீட்டுவேன்.

ஆலையில் ஒரு தடவை இரண்டு கூட்டமும் பெட்டி இழுக்கும் கொக்கிகளால் அடித்துக்கொண்டன. ஒருவனுக்குக் கண் போனது. அதற்குப் பிறகு மேனேஜர் குளிர் அறைக்கு இரண்டு அணிகள் போட்டார். துறையாட்களுக்கு நீலக் கோட்டு, மேஸ்திரி என் தாய்மாமா. கப்பலாட்களுக்கு ஆரஞ்சுக் கோட்டு, மேஸ்திரி என் சித்தப்பா. அறைக்கு வெளியே சுவரில் இரண்டு வரிசைக் கொக்கிகள். உள்ளே போகிறவன் கோட்டை எடுத்து மாட்டிக்கொள்வான், வெளியே வந்தவன் கொக்கியில் திரும்ப மாட்டுவான். வேலை முடிந்ததும் மேஸ்திரிகள் தங்கள் வரிசையைப் பார்ப்பார்கள். ஒரு கொக்கியும் காலியாக இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை, கதவைப் பூட்டலாம். நல்ல ஏற்பாடுதான்.

எந்த அணியில் ஆள் குறைகிறதோ அதில் நான். அதனால் எனக்குப் பழைய சாம்பல் கோட்டு ஒன்று கொடுத்திருந்தார்கள். இரண்டு வரிசைக்கும் நடுவே ஓர் ஆணியை நானே அடித்து அதில் மாட்டிக்கொண்டேன்.

புயல் வருகிறது, படகுகள் போகாது, ஆலைக்கு ஒரு வாரம் விடுப்பு என்று சொன்ன அன்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"தெறக்கிற அன்னைக்கு ஏதாவது ஒரு கலர்ல வந்து நில்லு. இந்தச் சாம்பல் வேலையெல்லாம் இனி வேணாம். யாருக்கு நீ ஆளுன்னு தெரியாம எனக்குத் தலைவலி."

தலை ஆட்டிவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வது? அம்மாவும் நானும் இருப்பது சித்தப்பா வீட்டின் பின்கட்டில், ஒற்றை அறை. நீலம் போட்டால் அந்த அறை போய்விடும். அம்மா தினமும் சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போவாள். அத்தையோடு உட்கார்ந்து ஊர் வம்பு பேசிச் சிரித்துவிட்டு வருவாள். அவள் வேறு எங்கேயும் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆரஞ்சு போட்டால் அது போய்விடும். இந்த யோசனையோடுதான் கடைசி லோடை அடுக்கப் போனேன்.

உள்கோடியில் ஓர் அடுக்கு சரிந்து கிடந்தது. பெட்டிகளை எடுத்துத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். வெளியே மாமா நீல வரிசையைப் பார்த்திருப்பார், நிறைந்திருந்தது. சித்தப்பா ஆரஞ்சு வரிசையைப் பார்த்திருப்பார், நிறைந்திருந்தது. என் ஆணி வெறுமனே இருந்ததை யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்ப்பது யாருடைய வேலையும் இல்லை. கதவு சாத்திய சத்தம் கேட்டது, பிறகு தாழ் விழுந்தது, விளக்கு அணைந்தது.

உள்ளேயிருந்து திறக்க ஒரு கைப்பிடி உண்டு. அது உடைந்து பல மாதம் ஆகிறது. உடைத்தது நீங்கள்தான் என்று ஒவ்வோர் அணியும் மற்றதைச் சொன்னது. உடைத்தவன்தான் சரிசெய்ய வேண்டும் என்பதால் யாரும் சரிசெய்யவில்லை.

ஒரு வாரம். நான் அதைத்தான் நினைத்தேன். ஒரு ராத்திரிகூடத் தாங்காது.

பெட்டிகளை லாரி ஏற்றும் பிளாட்பாரத்துக்குத் தள்ளும் துவாரம் ஒன்று கதவை ஒட்டிய சுவரில் இருந்தது. வெளியே தகரத்தை இறக்கிப் பூட்டியிருந்தார்கள். அடியில் இரண்டு விரல் இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தது. குப்புறப் படுத்துப் பார்த்தேன். இரண்டு ஜோடி ரப்பர் பூட்சும் ஒரு ஜோடிக் கிழிந்த செருப்பும் தெரிந்தன. செருப்பு மலையாளுடையது, எங்கள் வாட்ச்மேன். பூட்சுக்காரர்கள் யார் என்று குரலைக் கேட்டதும் தெரிந்தது.

"அந்தாளுகிட்டச் சொல்லு," என்றார் மாமா. "வீட்டுக்குப் போற வேன்ல மொதல்ல எங்க ஆளுங்க ஏறுவாங்க."

வாட்ச்மேன் சித்தப்பா பக்கம் திரும்பினான். "அண்ணே, மொதல்ல அவங்க ஆளுங்க ஏறுவாங்களாம்."

"எனக்கு என்ன காது செவிடா? நீந்தி வேணும்னாலும் போகச் சொல்லு. கடலே அவங்களோடதுதானே."

"அண்ணே, உங்களை நீந்திப் போ..."

"கேட்டுச்சுடா."

அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓடிய நாளிலிருந்து இவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசியதில்லை. யாரையாவது நடுவில் நிறுத்திக்கொள்வார்கள். பெரும்பாலும் அது நானாகத்தான் இருக்கும். நான் தகரத்தைக் கையால் அடித்தேன்.

"உள்ளே ஏதோ சத்தம்ணே," என்றான் வாட்ச்மேன்.

"என் கோட்டு எல்லாம் மாட்டியாச்சு," என்றார் மாமா. "அவங்க ஆளா இருக்கும். அந்தாளுகிட்டச் சொல்லு."

"என் வரிசையும் நெறைஞ்சு கெடக்கு. ஐஸ் கட்டி உதிருதுன்னு சொல்லு."

"நான்தான்!" என்று கத்தினேன். நாக்கு தடித்திருந்தது. "தெறங்க! நான் உள்ளே மாட்டிக்கிட்டேன்!"

பூட்சுகள் அசையவில்லை.

"ரெண்டுங்கெட்டான்," என்றான் வாட்ச்மேன். "ஐயோ, அவன் குரலுண்ணே. தெறந்துடவா?"

"நீ சும்மா இருடா. தெறக்கிறவன்தான் சரக்குக்குப் பொறுப்பு, தெரியும்ல," என்றார் சித்தப்பா. "போன தடவை அவங்க ஆளு உள்ளே மாட்டினப்போ பாவம்னு நான் தெறந்துவிட்டேன். ஒரு பெட்டி எறா குறையுதுன்னு என் தலையில கட்டினாங்க. இப்போ அவரு தெறக்கட்டும். அவரு மருமகன்தானே?"

"அண்ணன் மகன் இல்லையாமா? கேளு அந்தாள."

"அண்ணன் மகன்னா என் வரிசையில இருந்திருப்பான். சொல்லு."

"என் வரிசையிலயும்தான் இல்ல. சொல்லு."

வாட்ச்மேனின் செருப்பு மட்டும் இங்கேயும் அங்கேயும் திரும்பியது.

"யாராவது தெறங்க!" என்று கத்தினேன்.

"யாராவதுன்னா யாரு?" என்றார் மாமா. முதல் தடவையாகத் தகரத்துக்குக் குனிந்து என்னோடு பேசினார். குரல் கடுமையாக இல்லை. உப்புக் குறைகிறதா என்று கேட்பதைப் போல இருந்தது. "யாரைத் தெறக்கச் சொல்றே? பேரச் சொல்லிக் கூப்பிடுடா. மேனேஜர் கேட்டா நாங்க சொல்லணும்ல."

இவர்கள் என்னைச் சாகவிட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கெட்டவர்கள் இல்லை. காய்ச்சலில் கிடந்தபோது ஒருவர் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார், இன்னொருவர் வாசலிலேயே காத்திருந்து திரும்பத் தூக்கி வந்திருக்கிறார். கடைசியில் யாராவது ஒருவர் திறந்துவிடுவார். ஆனால் கடைசி என்பது எப்போது என்று அவர்களுக்குத் தெரியாது. வெளியே நிற்பவனுக்குக் குளிர் தெரியாது. என் விரல்கள் பெட்டியைத் தொட்டால் தொட்டதே தெரியவில்லை. மூச்சு புருவத்தில் பனியாகப் படிந்தது.

யோசித்துப் பார்த்தேன் என்று சொன்னால் பொய். அந்தக் குளிரில் யோசனை வராது. அம்மாவின் சிரிப்பு, பின்கட்டு அறை, எதுவும் நினைவில் இல்லை. மாமா நிமிர்ந்து நகர்ந்துவிட்டார். சித்தப்பாவின் பூட்ஸ் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. மாமாவின் பூட்ஸ் பிளாட்பாரத்துப் படிக்கட்டுப் பக்கம், கொஞ்சம் தள்ளி. காரணம் இவ்வளவுதான். இதை யாரும் இதுவரை நம்பவில்லை.

"சித்தப்பா!"

தாழ் உடனே விலகியது. கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு நின்றிருப்பார் போல. வெளிச்சம் அடித்தது. சித்தப்பா என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். கன்னத்தில் பளார் பளார் என்று அறைந்தார். சூடு வருவதற்காகத்தான்.

"முட்டாப் பயலே, இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

என் சாம்பல் கோட்டை உருவி எறிந்தார். ஆரஞ்சு வரிசையிலிருந்து ஒரு கோட்டை எடுத்துப் போர்த்தி, கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டார். சூடாக இருந்தது. அதை மறுக்க முடியாது.

மாமா படிக்கட்டு அருகிலேயே நின்றுகொண்டிருந்தார். எனக்கும் அவருக்கும் நடுவே கை நீட்டினால் தொடும் தூரம்.

"மாமா," என்றேன்.

அவர் வாட்ச்மேன் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பையன்கிட்டச் சொல்லு. அவங்கம்மா இனிமே சாயங்காலம் எங்க வீட்டுக்கு வரவேணாம்னு."

வாட்ச்மேன் என்னைப் பார்த்தான். சொல்லவா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. நான் தலை ஆட்டினேன். அவனும் சொன்னான், ஒரு வார்த்தை விடாமல்.

வேனில் ஆரஞ்சுப் பக்கம் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன். என் ஆணியை வாட்ச்மேன் அப்போதே சுத்தியலால் பிடுங்கிவிட்டானாம். சித்தப்பா வழியில் சொன்னார். இனிமேல் அது எதற்கு?

அம்மா தலை வாரி, செருப்புப் போட்டு, குடையோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏண்டா இவ்வளவு நேரம்? மழை வலுக்கிறதுக்குள்ள உங்க மாமா வீட்டுக்குப் போயிட்டு..."

கோட்டைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தாள். செருப்பைக் கழற்றி வாசலில் விடாமல் கையில் எடுத்து உள்ளே கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"கதவச் சாத்து," என்றாள். "சாரல் அடிக்குது."

சாத்தினேன்.