சிவப்புக் கம்பியில் தொங்கியது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எட்டு மாதங்களுக்கு முன்னால், ஒரு பழைய துணிக்கடையில், நான் உள்ளே கோட்டு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது வெளியே என் ஸ்வெட்டரை யாருக்கோ விற்றுவிட்டார்கள். இந்தக் கதை அதிலிருந்துதான் வந்தது.

பழுப்பு நிறம், தொளதொளத்த கழுத்து, முழங்கை இரண்டிலும் ஒட்டு. பதினெட்டு வருடங்களாக நான் எழுதிய எல்லாவற்றையும் அந்த ஸ்வெட்டருக்குள் உட்கார்ந்துதான் எழுதினேன். வெயில் காலத்தில் மடியில் போட்டுக்கொள்வேன். அது போன பிறகு ஒரு வரி வரவில்லை. உட்காருவேன், பேனாவைத் திறப்பேன், மூடுவேன், டீ குடிப்பேன். இந்தக் கதையும் வராவிட்டால் எழுத்தையே மூட்டை கட்டிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

என்னைப் பற்றியே எழுத எனக்குக் கூச்சம். அதனால் கதையில் என்னைத் தபால்காரர் ஆக்கிவிட்டேன்.

இன்னொரு விஷயம். நான் எழுதுவதை முதலில் படிப்பவள் என் மனைவி. ஓரத்தில் பென்சிலால் எழுதுவாள். அதை நான் அழிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு ஒப்பந்தம். அதனால் அவள் குறிப்புகள் சதுர அடைப்புக்குள் அப்படியே இருக்கும்.

[நீங்க எப்பங்க தபால்காரரா இருந்தீங்க? ரெண்டு தெரு நடந்தாலே மூச்சு வாங்குது.]

2

முதல் தொடக்கம்: ‘விதியின் கரங்கள் ஒரு ஸ்வெட்டரை நோக்கி மெல்ல நீண்ட அந்த’

வேண்டாம். விதிக்குக் கை முளைத்த கதை எதுவும் உருப்பட்டதில்லை.

இரண்டாவது: ‘மனிதன் என்பவன் அவன் உடுத்தும் துணியா, அல்லது’

அல்லது என்ன? எனக்கே தெரியவில்லை. (இப்படித் தொடங்கியவற்றை எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். பெட்டி நிறைந்துவிட்டது.)

மூன்றாவது தொடக்கம் நேரானது. தபால்காரரை அந்தக் கடைக்கு இழுத்து வந்தது அவர் மனைவி. வீட்டில் சேர்ந்த பழைய துணிகளை விற்க வேண்டும், அப்படியே அவருக்கு ஒரு கோட்டு பார்க்க வேண்டும். அவள் அந்தக் கடைக்கு வாடிக்கை. தபால்காரருக்கு இதுதான் முதல் தடவை.

கடை நடத்துகிறவரை எல்லோரும் அளவுக்காரம்மா என்பார்கள். ஆளைப் பார்த்தவுடனே மார்பளவு சொல்லிவிடுவார். ஆளின் முகம் மட்டும் அவர் நினைவில் தங்காது. துணி வாங்கும்போது முதலில் காலர், அடுத்து முழங்கை, பிறகு பாக்கெட், கடைசியில் மூக்கு. அந்த வரிசை மாறாது.

“இந்தச் சட்டையில யாரோ நிறையக் கோபப்பட்டிருக்காங்க,” என்றார்.

“எப்படிச் சொல்றீங்க?” என்றாள் தபால்காரர் மனைவி.

“மேல் பட்டன் மூணு தடவை பிஞ்சு, மூணு கலர் நூலுல தைச்சிருக்கே.”

தபால்காரர் கூரையில் இருந்த மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார்.

பக்கத்தில் ஒரு பெண் பூப்போட்ட பாவாடை ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே?”

அளவுக்காரம்மா அவள் இடுப்பைப் பார்த்தார். “போன வருஷம் நீங்கதானேம்மா கொண்டுவந்து போட்டீங்க!”

“அதான் பார்த்தேன், யாருக்கு இவ்வளவு நல்ல ரசனைன்னு!” என்று அவள் அதையே வாங்கிக்கொண்டு போனாள்.

[இது நிஜமா நடந்தது. நான் சாட்சி.]

3

இனி விபத்து.

தபால்காரர் ஒரு நீலக் கோட்டை எடுத்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்குள் போனார். உள்ளே துணி மாட்டும் கொக்கி கழன்று கிடந்தது. கதவைக் கொஞ்சம் திறந்து, கையை மட்டும் நீட்டி, வெளியே இருந்த சிவப்புக் கம்பியில் தன் ஸ்வெட்டரை மாட்டினார்.

அந்தக் கடையில் சிவப்புக் கம்பிக்கு ஒரே அர்த்தம்: போட்டுப் பார்த்தாகிவிட்டது, வேண்டாம். வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் அது தெரியும். அதில் தொங்குவதை அளவுக்காரம்மா எடுத்து மறுபடி விற்பனைக்கு வைத்துவிடுவார். ஸ்வெட்டரில் விலைச்சீட்டைக் காணோம். விழுந்திருக்கும் என்று நினைத்தார். ஒரு வெள்ளைச் சீட்டில் விலை எழுதி ஊக்கால் குத்தினார்.

[வெள்ளை இல்ல, மஞ்சள். ஊக்கு கிடைக்காம நூலால கட்டினாங்க.]

ஆறே நிமிடத்தில் விற்றுப்போயிற்று. (என் முதல் புத்தகம் விற்றுத் தீர ஒன்பது வருடம் ஆனது.)

நீலக் கோட்டில் வெளியே வந்தவரைப் பார்த்து மனைவி, “நல்லா இருக்கு,” என்றாள்.

“என் ஸ்வெட்டர் எங்கே?”

“ஐயோ சார், அது உங்களுதா? கடைச் சரக்கு மாதிரியே இருந்துச்சே!” என்று அளவுக்காரம்மா வாயில் அடித்துக்கொண்டார். கோட்டுக்குக் காசு வாங்கவில்லை.

இங்கே எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம். அந்த ஆறு நிமிடமும் தபால்காரர் மனைவி எங்கே நின்றாள்? ‘கடையின் மறுகோடியில் போர்வை பார்த்துக்கொண்டிருந்தாள்; ஒன்றும் தெரியாது’ என்று எழுதி வைத்தேன். எழுதிவிட்டு மேலே உள்ள பென்சில் குறிப்பை மறுபடி படித்தேன்.

அந்தச் சீட்டை நான் பார்த்ததே இல்லை. வெள்ளை என்பது என் கற்பனை. அப்படியானால், அது மஞ்சள் என்று தெரிந்த ஒருத்தி அந்த நேரத்தில் அந்தக் கம்பிக்குப் பக்கத்தில்

4

சமையலறைக்குப் போனேன். பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

“சீட்டு மஞ்சள்னு உனக்கு எப்படித் தெரியும்?”

பாதிப் பென்சில் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது.

“பார்த்தேன்,” என்றாள்.

“பார்த்துட்டுச் சும்மாவா இருந்தே?”

“வாயைத் திறந்தேங்க. சத்தியமா திறந்தேன். சத்தம்தான் வரல.” பென்சிலைக் கீழே வைத்தாள். “பதினெட்டு வருஷமா அந்தப் பழுப்பைத்தான் பார்க்கிறேன். ஒரு நாளாவது உங்களைப் பார்க்கலாமேன்னு தோணிடுச்சு.”

நன்றாகக் கத்தலாம் என்று மூச்சை இழுத்து வைத்திருந்தேன். பாதி மூச்சு அங்கேயே இறங்கிவிட்டது. மீதியை வைத்துக்கொண்டு, “எட்டு மாசமா ஒரு வரி எழுதல, தெரியும்ல?” என்றேன்.

“தெரியாமலா? ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கடையில போய் நின்னேன். வாங்கினது யாருன்னு கேட்டா, அந்தம்மா ‘முப்பத்தெட்டு, வலது தோள் கொஞ்சம் இறக்கம்’ங்கிறாங்க. வர்றவங்க போறவங்க தோளையெல்லாம் எட்டு மாசமா பார்த்திருக்கேன். ரெண்டு பேர் என்னை முறைச்சுட்டே போயிட்டாங்க. போன வாரம்தான் ஆள் கிடைச்சாங்க.”

“யாரு?”

“முதல்ல முடிவை எழுதுங்க. அப்புறம் சொல்றேன்.”

என் கண் நிறைந்துவிட்டது. அவளிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன், எப்படியும் படிப்பாள்.

[படிச்சேன்.]

5

முதல் முடிவு: தபால்காரர் கடிதம் கொடுக்கப் போன ஒரு மாடி அறையில், அவருடைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஓர் இளம் கவிஞன் எழுதிக்கொண்டிருக்கிறான். தபால்காரர் ஒன்றும் சொல்லாமல் படி இறங்குகிறார்.

[நாய்.]

இரண்டாவது: அவர் சுமக்கும் பார்சல் ஒன்றில் அவர் பெயரே இருக்கிறது. பிரித்தால் ஸ்வெட்டர், கூடவே உருக்கமான ஒரு மன்னிப்புக் கடிதம்.

[நாய்க்கு எழுதத் தெரியாதுங்க.]

மூன்றாவது: அந்த ஸ்வெட்டரைத் தழுவியபடி ஒரு முதியவர், குளிரில்

[நாய்ங்க. அந்த முப்பத்தெட்டு, அவங்க வீட்டு நாய் படுக்கிறதுக்கு விரிச்சுவிட வாங்கியிருக்காங்க. அதுமேலயே நாலு குட்டி போட்டிருக்கு. கெஞ்சிக் கேட்டு, பதிலுக்கு நம்ம போர்வையைக் கொடுத்துட்டு வாங்கிட்டு வந்தேன். மூணு தடவை அலசியாச்சு. கொல்லையில கொடியில தொங்குது. இடது கையை மட்டும் ஒரு குட்டி முழங்கை வரைக்கும் தின்னுடுச்சு.]

6

ஜன்னல் வழியாகத் தெரிகிறது. ஒன்றரைக் கையோடு தொங்குகிறது. நீலக் கோட்டு என் நாற்காலி முதுகில் கிடக்கிறது; கோபத்தில் எட்டு மாதமாக அதைத் தொடவே இல்லை.

இப்போதுதான் உறைக்கிறது. இவ்வளவு நேரமும் வெறும் சட்டையோடு உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். கதை வந்துவிட்டது. அப்படியானால் பதினெட்டு வருடங்களாக என்னை எழுத வைத்தது அந்த ஸ்வெட்டர் இல்லையா? அதை மறுபடி போட்டால் அவள் மறுபடி பழுப்பைத்தான் பார்க்க வேண்டும். போடாவிட்டால், சனிக்கிழமை சனிக்கிழமையாக முறைப்பு வாங்கி, அதைத் தேடிக் கொண்டுவந்தவளுக்கு நான் என்ன மரியாதை செய்தேன்?

தபால்காரர் என்ன செய்வார் என்று யோசிக்கிறேன். அவர் என்னைப் பார்க்கிறார்.

“ஏங்க, மழை வருது! கொடியில இருக்கிறதை எடுங்க!”

கூப்பிடுகிறாள். நான் எழுந்துபோக வேண்டும். கோட்டு போடாமல் போனால் நனைந்துவிடுவேன். வாசகரே, முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பென்சில் மேஜை மேல்தான் இருக்கிறது. நான் வருவதற்குள் வேறு யாரும் எடுத்துவிடாமல்

[ரெண்டையும் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறார். உள்ளே பழுப்பு, மேலே நீலம், இடது கை எங்கே முடியுதுன்னே தெரியல. தரையெல்லாம் தண்ணி. நல்லா இருக்கு.]