கம்ப்ரஸருக்குக் காய்ச்சல்

உலகில் இதுவரை ஓடிய இயந்திரங்கள் அனைத்தும் பயத்தினால்தான் ஓடியிருக்கின்றன. அன்புக்காக ஓடிய இயந்திரம் சரித்திரத்தில் ஒன்றுகூட இல்லை. இது லிஃப்ட் மெக்கானிக்கின் கண்டுபிடிப்பு. பதினேழு வருடங்களாக அறுபத்து மூன்று லிஃப்டுகளை அதட்டியே மேலும் கீழும் அனுப்பியவர் என்ற தகுதியில் அவர் இதைச் சொன்னார். இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டின் கதவில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு, "ஏய், போடா!" என்று ஒரு சொல். போய்விடும். போகாத சந்தர்ப்பங்களை அவர் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை.

அவருடைய மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். சனி, ஞாயிறுகளில் ஏர் ரைபிள் சுடுவாள். பத்து மீட்டர் தூரத்தில் ஒரு மிளகு அளவுக்கு இருக்கும் புள்ளியைச் சுடுகிற விளையாட்டு அது. துப்பாக்கிக்குக் கீழே டார்ச் லைட் பருமனில் ஒரு சிலிண்டர். அதற்குள் இருநூறு பார் அழுத்தத்தில் காற்று அடைத்திருக்க வேண்டும். கார் டயரில் இருப்பது இரண்டரை பார்கூட இல்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதுநாள்வரை அவள் அந்தக் காற்றைக் கை பம்பில் அடித்தாள். ஒரு நாள் அவளுக்கு உதவப்போன மெக்கானிக், எண்பது தடவை அழுத்திவிட்டுத் தரையில் படுத்து, மின்விசிறியைப் பார்த்தபடி, "மனுஷன் செய்யற வேலையா இது?" என்று கேட்டார். மறுவாரமே கையில் தூக்கிப்போகிற கம்ப்ரஸர் ஒன்று வீட்டுக்கு வந்தது. கை பம்ப் அன்றே பழைய இரும்புக்குப் போனது.

கம்ப்ரஸர் ஒரு டிபன் கேரியர் உயரம் இருந்தது. கார் பேட்டரியில் இரண்டு கிளிப்பைக் கவ்வ வைத்தால் ஓடும். அழுத்தம் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று ஒரு சின்னத் திரையில் காட்டும். கூட வந்த கையேட்டை மெக்கானிக் பிரிக்கவில்லை. அதைப் பிரித்துப் படித்தவன், பெண்டாட்டியின் தம்பி.

மைத்துனன் ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைகள் வார்டில் நர்ஸ். ஒன்றரைக் கிலோ உயிர்களைப் பார்த்துப் பழகியவனுக்கு எட்டுக் கிலோ கம்ப்ரஸர் புஷ்டியான குழந்தையாகத் தெரிந்திருக்க வேண்டும். அதை ஓடவிட்டு, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தான். நன்றாகப் பிழிந்த ஈரத்துணியை அதன் உலோகத் தலையில், மின்சாரப் பக்கம் படாமல், போட்டான். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் பார்த்து, சூட்டை ஒரு காகிதத்தில் கட்டம் போட்டு எழுதினான். காற்றிலிருந்து பிரிந்து உள்ளே சேர்கிற தண்ணீரை வெளியேற்ற அடியில் ஒரு திருகு இருந்தது. அதை அவ்வப்போது மெல்லத் திறந்து 'புஸ்ஸ்' என்று விட்டான்.

"என்ன மாப்ள பண்றே?" என்றார் மெக்கானிக்.

"ஒண்ணுக்குப் போக வைக்கிறேன் மாமா. இல்லன்னா ஈரம் சிலிண்டருக்குள்ள போயிடும்."

மெக்கானிக் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். "இங்க வா, வந்து பாரு. உன் தம்பி மெஷினைப் பெத்திருக்கான். ஏன் மாப்ள, இதுக்கு உடம்பு சரியில்லையா? கஞ்சி வச்சிக் குடுக்கவா? தடுப்பூசி எப்போ?"

"தொடர்ந்து பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல ஓட்டக் கூடாதுன்னு போட்டிருக்கு மாமா. அப்புறம் அரைமணி ஆற விடணும்."

"அது பயந்தவனுக்கு எழுதினது. ஒரு மெஷினுக்கு நீ ஓய்வு குடுத்துப் பாரு, நாளைக்கு அது லீவு லெட்டர் எழுதும்."

மைத்துனன் துணியைத் திருப்பிப் போட்டான்.

அடுத்த ஞாயிறு அணித் தேர்வின் கடைசிச் சுற்று. மூன்று சுற்றுகளின் புள்ளிகளைக் கூட்டி, பெண்களில் முதல் மூவரை அணிக்கு எடுப்பார்கள். இரண்டு சுற்று முடிவில் மனைவி நான்காவது. மூன்றாவது இடத்தில் இருந்த நூலகர் அம்மாளுக்கும் அவளுக்கும் இடையில் நாலு தசமம். ஒரு புள்ளிகூட இல்லை, அதிலும் பாதிக்குக் குறைவு. ஆறு வருடமாக அவள் அந்த நான்காவது இடத்தில் வாடகை கொடுக்காமல் குடியிருந்தாள். சனிக்கிழமைப் பயிற்சி முடிந்தபோது சிலிண்டரில் எழுபது பார்தான் மிச்சம். அதற்குக் கீழே போனால் குண்டு தாழ்ந்து விழ ஆரம்பிக்கும். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மைத்துனன், "நான் இப்பவே அடிச்சு வச்சிடறேன் மாமா" என்றான். மெக்கானிக் தடுத்தார். சுடுகிற இடத்தில் எல்லோரும் காற்று நிரப்பிக்கொள்ளும் பெரிய சிலிண்டரைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே யாருக்கும் காற்று கிடைக்காது. நாலு பேர் பார்க்கக் காற்றடிக்க இதைவிட நல்ல நாள் எப்போது வரும்?

ஒன்பதரைக்கு வந்து சேர்ந்தார்கள். சுடும் கூடத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்துமிடம். மேலே தகரக் கூரை. மெக்கானிக் காரின் மூக்கைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரியில் கிளிப்புகளை மாட்டினார். மனைவி சிலிண்டரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"பத்தே முக்காலுக்கு நான் உள்ள இருக்கணும். என்னுதை முதல்ல போட்டுடுங்க."

"நீ போய் டிரெஸ்ஸை மாட்டு. இதெல்லாம் ஒரு வேலையா?"

அவள் உடை மாற்றப் போனாள். கம்ப்ரஸரின் சத்தம் கேட்டு முதலில் எட்டிப் பார்த்தவர் ஒரு பல் டாக்டர்.

"சார், இது எத்தனை பார் அடிக்கும்?"

இந்தக் கேள்விக்காகத்தான் மெக்கானிக் பிறந்திருந்தார். "முந்நூறு. உங்களுதைக் குடுங்க சார்."

மனைவியின் சிலிண்டர் காரின் கூரைமேல் போய் உட்கார்ந்தது. வந்தவர்களைக் கவனித்துவிட்டுத்தானே வீட்டு ஆளைக் கவனிப்பது நாகரிகம். டாக்டருக்கு அடித்து முடிப்பதற்குள் டிரைவிங் ஸ்கூல்காரர் வந்து நின்றார். அவருக்கு இரண்டு சிலிண்டர். "சூடு எழுபதுன்னு காட்டுதே சார்?" என்று அவர் கேட்டபோது, "அது வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று மெக்கானிக் விளக்கினார். கடைசியாக வந்தது நூலகர் அம்மாள்.

"உங்க வீட்டுக்காரம்மாவுக்கு ஆயிடுச்சா?" என்று அவள் நியாயமாகவே கேட்டாள்.

"அதெல்லாம் வீட்டுச் சமாச்சாரம் மேடம். நீங்க குடுங்க."

மூன்றாவது இடத்தைப் பிடித்திருந்தவளின் சிலிண்டர், நான்காவது இடத்துக்காரியின் கணவர் கையால், சரியாக இருநூறு பாருக்கு நிறைந்தது. அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

மனைவியின் சிலிண்டரை எடுத்து மாட்டிப் பொத்தானை அழுத்தினார். கம்ப்ரஸர் ஒரு இருமல் இருமியது. நின்றது. திரையில் எழுபத்தெட்டு டிகிரி மினுக்கிக்கொண்டிருந்தது. மறுபடி அழுத்தினார். மினுக்கியது. உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டி, "ஏய், போடா!" என்றார். தட்டிய கையைத்தான் உதற வேண்டியிருந்தது.

மனைவி திரும்பி வந்தபோது மணி பத்து. துப்பாக்கி சுடுகிறவர்களின் உடை உடம்பு ஆடாமல் இருக்கத் தைத்தது. அட்டைபோல விறைப்பாக இருக்கும். அவள் ஒரு பீரோ நடந்து வருவதைப்போல வந்தாள். சிலிண்டரின் முள்ளைப் பார்த்தாள். எழுபதில் நின்றது.

"என்னங்க இது?"

"கொஞ்சம் சூடாயிருக்கு."

"எப்படி சூடாச்சு? என்னுது ஒண்ணுதானே?"

மெக்கானிக் தூரத்தில் இருந்த ஒரு சைக்கிளை ஆராய்ந்தார்.

"எத்தனை பேருக்கு அடிச்சீங்க?"

"மூணு பேர்தான். நாலு சிலிண்டர்."

"யாரு யாரு?"

சொன்னார். கடைசிப் பெயரை விழுங்கிப் பார்த்தார்; அது தொண்டையில் நிற்கவில்லை.

மனைவி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "நூத்திருபது பார் வேணும். அதுக்குக் குறைஞ்சா அறுபது குண்டும் ஒரே மாதிரி போகாது" என்று மட்டும் சொன்னாள். பிறகு, "என்னால குனிய முடியாது. உட்காரவும் முடியாது. நீங்கதான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவள் விரல்கள் மட்டும் தொடைமேல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. ஆறு வருடத்தில் அவர் ஒருமுறைகூட அந்த விரல்களைக் கவனித்ததில்லை.

மெக்கானிக் காருக்கு அந்தப்பக்கம் போய், போனை வாயோடு ஒட்டிவைத்துப் பேசினார்.

"மாப்ள, ஒரு சின்ன சந்தேகம். இங்க ஒரு நண்பர் கேக்கறாரு."

"மெதுவா பேசுங்க மாமா, இப்பதான் வார்டுல எல்லாம் தூங்குது." மைத்துனன் குரல் பஞ்சுக்குள்ளிருந்து வந்தது. "நண்பருக்கு எத்தனை டிகிரி?"

"எழுபத்தெட்டு."

"தண்ணி ஊத்திடாதீங்க. துணியைப் பிழிஞ்சு போடுங்க. விசிறுங்க. உள்ள இருக்கற தண்ணியை விட்டுடுங்க. அம்பதுக்குக் கீழ வந்தா ரெண்டு நிமிஷம் ஓட்டுங்க, நிறுத்துங்க, திரும்ப ஆற விடுங்க. ஒரே மூச்சுல அடிக்கப் பாக்காதீங்க. அக்காவுக்கு ஆயிடுச்சில்ல மாமா?"

"நண்பர் கூப்பிடறாரு" என்று மெக்கானிக் போனை வைத்தார்.

குடிநீர்க் குழாயில் கைக்குட்டையை நனைத்தார். பிழிந்தார். கம்ப்ரஸரின் தலையில் போட்டார். 'ஸ்ஸ்' என்று ஆவி வந்தது. அறிவிப்புப் பலகையிலிருந்து புள்ளிப் பட்டியலை உருவிவந்து விசிறினார். விசிறும்போதெல்லாம் நான்காவது பெயர் கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போனது. எழுபத்தொன்று. அறுபத்தாறு. அடித் திருகை மெல்லத் திறந்தார். 'புஸ்ஸ்' என்று ஒரு மடக்குத் தண்ணீர் தெறித்து அவர் செருப்பை நனைத்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு இன்னொரு முறை திறந்தார்.

பத்து இருபத்தைந்துக்கு நாற்பத்தெட்டு. ஓட்டினார். ரப்பர் கால்களில் நின்று கம்ப்ரஸர் நடுங்கியது. முள் எண்பது, தொண்ணூறு என்று ஊர்ந்து தொண்ணூற்றெட்டைத் தொட்டபோது சூடு அறுபத்து மூன்று. இன்னும் இருபத்திரண்டு பார்தான். விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. பழைய மெக்கானிக்காக இருந்தால் ஓட்டித் தள்ளியிருப்பார். நிறுத்தினார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமல்.

"மூச்சு வாங்குது. கொஞ்சம் பொறு."

அவள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

கைக்குட்டையை மறுபடி நனைத்துவந்தார். காகிதம் விசிறியாகிவிட்டதால் சூட்டை உள்ளங்கையில் எழுதினார்: அறுபது, ஐம்பத்தைந்து, ஐம்பத்தொன்று. பத்து நாற்பதுக்கு நாற்பத்தொன்பது. "வாடா, இன்னும் ஒரு தடவை. அவ்வளவுதான், தங்கம்ல" என்று யாரோ சொல்வது கேட்டது. சுற்றிலும் பார்த்தார். கண்மூடி நின்ற மனைவியையும் அவரையும் தவிர யாரும் இல்லை.

நூற்றிருபத்துநான்கு. கம்ப்ரஸர் குழாயில் மிஞ்சிய காற்றை வெளியேற்றி, சிலிண்டரைக் கழற்றி, இரண்டு கையாலும் நீட்டினார். மனைவி வாங்கி, துப்பாக்கியில் திருகிக்கொண்டே, அந்த உடையில் முடிகிற வேகத்தில் நடந்தாள். கதவு சாத்துவதற்கு ஒரு நிமிடம் இருந்தது.

வழக்கமாக அவள் சுடும்போது கண்ணாடிக்குப் பின்னால் நின்று, பக்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் விளக்கவுரை வழங்குவார். அன்று போகவில்லை.

பன்னிரண்டேகாலுக்கு அவள் வெளியே வந்தாள். ஜாக்கெட்டின் பட்டன்களைக் கழற்றிவிட்டிருந்தாள்.

"ரெண்டாவது" என்றாள்.

"நூலகர்?"

"மூணாவது. ரெண்டாவதா இருந்த பொண்ணு கடைசிப் பத்துக் குண்டுல சொதப்பிட்டா." குனிய முடியாத கால்சட்டையோடு அவள் கார் பம்பரில் சாய்ந்துகொண்டாள். "நூலகர் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னா. நான் சொல்லல."

அப்போது டிரைவிங் ஸ்கூல்காரர் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சார், இதுல இன்னும் ஒரு அம்பது பார்..." என்று ஆரம்பித்தவர், சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டிருந்த மெக்கானிக்கையும், கைக்குட்டை போர்த்திய கம்ப்ரஸரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சார், உடம்பு சரியில்லையா இதுக்கு?"

திரையில் முப்பத்து மூன்று டிகிரி. மெக்கானிக் அதை உள்ளங்கையில் எழுதினார். பிறகு கைக்குட்டையை எடுத்து, குளிர்ந்த பக்கம் கீழே வரும்படி திருப்பிப் போட்டார்.