வெண்ணெய்க்குப் பக்கத்துப் பை

கொட்டகைக் கதவை ஃபோல்மர் இழுத்துச் சாத்தினார். வெயில் படக் கூடாது என்று மகன் எஸ்பென் சொல்லியிருந்தான். சிமெண்டு கலக்கும் உருளையில் லூபின் பயற்று விதை பாதிவரை கிடந்தது. அவர் கையில் அந்தப் பை. உள்ளே கறுப்புத் தூள், ஈர மண் மாதிரி. பையின் வாயை நீல நைலான் கயிறு இறுக்கிப் பிடித்திருந்தது. எஸ்பென் போட்ட முடிச்சு.

பிப்ரவரியில் அதை வாங்கி வந்த அன்று, அம்மா டாக்னியின் மூக்குக்குக் கீழே பிரித்துக் காட்டினான்.

"மோந்து பாரும்மா. இதுக்குள்ள எத்தனை கோடி உயிர் தூங்குது தெரியுமா?"

"என் ஃபிரிட்ஜுல கோடி உயிரா? வெளிய கொண்டு போடா."

"வெண்ணெய் பக்கத்துல ஒரு ஓரம் குடு, போதும். சூடு பட்டா செத்துடும்."

"மாட்டைப் பாருன்னா ஓடுவான். கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்குத் தொட்டில் கட்டுறான்" என்று ஃபோல்மர் மேசையிலிருந்து சீண்டினார்.

"அப்பா, உன் மாடு தின்னாத்தான் சாணி போடும். இது காத்துலேருந்தே உரம் எடுத்துக் குடுக்கும். வேர்ல முண்டு முண்டா வீடு கட்டிக் குடியிருக்கும். வாடகையா இது உரம் குடுக்கும், செடி சர்க்கரை குடுக்கும். நம்ம மணல்ல லூபினுக்கான பாக்டீரியாவே கிடையாது. யாரும் இங்க லூபின் போட்டதில்லையே."

அவன் மட்டும் போட்டிருந்தான். முந்தின வருஷம் மேற்கு வயலின் மூலையில், பிர்ச் மரங்களை ஒட்டி, சோதனைக்கு இதே மாதிரித் தூள் கலந்து ஒரு பாத்தி. அது செழித்ததால்தான் இந்த வருஷம் வயல் முழுக்க என்று முடிவுசெய்தான்.

மார்ச் தொடக்கத்தில், பனி உறைந்த சாலையில் அவன் கார் வழுக்கி மரத்தில் மோதியது.

அடக்கத்தன்று ஊரே தட்டுகளோடு வந்தது. மீன் வைத்த கறுப்பு ரொட்டி, ஈரல் பிசைந்தது, க்ரீம் கேக். எல்லாவற்றையும் எங்காவது வைக்க வேண்டியிருந்தது. டாக்னி ஃபிரிட்ஜில் கைக்கு வந்ததை எடுத்துப் பின்னறையில் வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் மேல் அடுக்கினாள். ஈஸ்டர் சமயத்தில் துண்டு காயப்போடப் போனபோதுதான் அந்தப் பை அங்கேயே கிடப்பதைப் பார்த்தாள். தொட்டாள். காய்ச்சல் கண்ட குழந்தையின் வயிறு மாதிரி சுட்டது. எடுத்து வந்து வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

சொல்ல அந்த வீட்டில் பேச்சும் இல்லை. எஸ்பென் பிறந்ததிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் அப்பா, அம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். யூட்லாந்தில் அந்தப் பக்கத்து வீடுகளில் எல்லாம் அப்படித்தான். அடக்கத்துக்குப் பிறகு அந்த இரண்டு சொற்களும் யார் வாயிலும் வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் எப்போதோ விட்டுப்போயிருந்தது. ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் இன்னொருவர் அருகில் போய் நின்றார்.

இப்போது கொட்டகையிலும் டாக்னி அவர் அருகில் போய் நின்றாள்.

"அது செத்துப்போச்சு" என்றாள்.

ஃபோல்மர் திரும்பவில்லை.

"அந்தப் பை. கேக் வைக்க இடமில்லன்னு எடுத்துக் கொதிகலன் மேல வச்சேன். மறந்துட்டேன். ஈஸ்டர் வரைக்கும் அங்கயே வெந்துகிட்டு இருந்திருக்கு."

உத்தரத்தில் ஒரு குருவி இடம் மாறி உட்கார்ந்தது.

"வேற வாங்கிடலாம். விதைக்கடை வெர்னர்கிட்ட சொன்னா வரவழைச்சுக் குடுப்பாரு."

அவர் முடிச்சைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றார்.

"இது அவன் கட்டினது."

கத்தி பக்கத்திலேயே இருந்தது. அதைத் தொடாமல் நகத்தால் நெம்பி நெம்பி முடிச்சை அவிழ்த்தார். கயிற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தூளை விதைமேல் கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளையைச் சுழலவிட்டார். விதைகள் கறுத்துப் பளபளத்தன. பார்ப்பதற்கு உயிர் ஒட்டியவை மாதிரிதான் இருந்தன.

ஜூனில் வயல் வெளுத்தது. வயல் பக்கமாகப் போன வெர்னர் காரை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா ஃபோல்மர், லூபின்னு சொல்லிட்டு கடுகு போட்டியா? இவ்ளோ மஞ்சளா இருக்கு!" சொன்ன பிறகுதான் யாருடைய பயிர் என்பது நினைவு வந்தது போல. குரலை இறக்கிக்கொண்டார். "யூரியா கொஞ்சம் வீசு. தேறிடும்."

"வேண்டாம்."

"அட, அப்படியே விட்டா ஒண்ணும் மிஞ்சாதுப்பா."

"மிஞ்ச வேண்டாம்."

வெர்னர் பக்கத்தில் நின்ற டாக்னியைப் பார்த்தார். அவள் மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை அவர்கள் வயலோரமாக நடந்தார்கள். முன்னால் அவர், சற்றுப் பின்னால் அவள். மூலைக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். பிர்ச் மரங்களை ஒட்டி ஒரு பாத்தி மட்டும் கரும்பச்சை. இடுப்பளவு செடி, நீலப் பூ. அதே விதை, அதே செத்த பை, அதே நாளில் விதைத்தது.

அவருக்கு விளங்கவில்லையோ, விளங்கிக்கொள்ளப் பயமோ. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீ பாரு" என்றார்.

டாக்னி குனிந்து ஒரு செடியை மண்ணோடு பிடுங்கினாள். வேரெல்லாம் முண்டு முண்டாக வீடுகள். ஒன்றை நகத்தால் பிளந்தாள். உள்ளே சிவப்பு, ரத்தம் மாதிரி. போன வருஷம் அவன் கையால் இந்தப் பாத்தியில் போட்ட உயிர்கள். பனிக்கு அடியில் குளிர்காலம் முழுக்க இங்கேயே காத்திருந்திருக்கின்றன. அவன் செத்த இரவிலும் இங்கேதான் இருந்திருக்கின்றன.

"அம்மா" என்றார் ஃபோல்மர். "இது உயிரோட இருக்கு."

அம்மா என்ற அந்தச் சொல் இருவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தது. எடுக்கவும் முடியவில்லை, தாண்டவும் முடியவில்லை. அவள் விரலில் இருந்த சிவப்பு காற்றுப் பட்டு மெல்லப் பழுப்பாகிக்கொண்டிருந்தது.

அவர் சட்டென்று மண்டியிட்டார். அவள் கையிலிருந்த செடியைப் பிடுங்கி, வந்த குழியிலேயே வைத்து, இரண்டு கையாலும் மண்ணை அணைத்து அழுத்தினார். செடி சாய்ந்தது. நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"பொழைச்சுக்குமா?"

"பொழைக்காது, அப்பா" என்றாள் டாக்னி.

சொல்லிவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.